வலது காதுப் பட்டு

நம் வண்டியின் முன்பக்க டப்பாவில், இன்ஷூரன்ஸ் காகிதத்துக்கு அடியில் ஒரு சின்ன மாத்திரை டப்பி இருக்கிறது. அதற்குள் புளியங்கொட்டை அளவில் இரண்டு பட்டு உருண்டைகள். போன வாரம் வண்டியைத் துடைக்கும்போது நீங்கள் இரண்டு பேரும் அதைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னாப்பா இது, அழுக்கா கீது, தூக்கிப் போட்டுடட்டா?" என்று கேட்டீர்கள். நான் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். சின்னவள் முகம் வாடிப்போனது. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பெரியவன் திருத்திக்கொள்ளட்டும்.

அந்த உருண்டைகள் என் முதலாளியுடையவை. நீங்கள் பிறப்பதற்கு முன்பிருந்தே நான் அவரிடம் டிரைவராக இருந்தேன். ஆரணியில் பட்டுச் சேலை வியாபாரம் அவருக்கு. சேவூரில் பல வீடுகளில் அவருக்காகத் தறி ஓடியது. அதிகம் பேசமாட்டார். நெய்து வந்த சேலையைப் பிரித்துப் பார்த்து "ம்" என்பார், அல்லது "ம்ம்" என்பார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நெசவு செய்தவருக்கு மட்டும் புரியும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், "நாளைக்கி காஞ்சிபுரம் போலாம்பா, ஜரிகை வாங்கணும்" என்றார். மறுநாள் செய்யாறு தாண்டி, காஞ்சிபுரம் போய், ஜரிகைக் கடைத் தெருவில் வண்டியை மெதுவாக்கினேன். "நேரா போ" என்றார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பெரிய கேட்டுக்கு முன்னால்தான் நிறுத்தச் சொன்னார். உள்ளே எங்கேயோ தகரத்தை நீளமாகக் கிழிப்பது போல ஒரு சத்தம்.

செக்யூரிட்டி நோட்டைத் திறந்து, "யாரைப் பாக்கணும்?" என்று கேட்டார்.

"யாரையும் இல்ல. சும்மா வண்டி பாக்க."

செக்யூரிட்டி முதலாளியின் வெள்ளை வேட்டியையும் பட்டுக்கரைத் துண்டையும் ஒரு தடவை பார்த்தார். "ஐயா, இன்னைக்கி ரேஸ் கெடையாது. டிராக் டே. அவங்கவங்க சொந்த வண்டிய எடுத்தாந்து ஓட்டிப் பாக்கறது. நீங்க வந்து பாக்க ஒண்ணும் இருக்காதுங்க."

"பரவால்ல" என்றார் முதலாளி.

செக்யூரிட்டி சொன்னது உண்மைதான். பாம்பு நெளிந்து படுத்தது போல ஒரு தார்ச்சாலை, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும். அதில் பத்துப் பதினைந்து மோட்டார் சைக்கிள்கள், தோல் உடுப்பு போட்டவர்கள், முழங்கால் தரையில் தேய்கிற அளவுக்குச் சாய்ந்து வளைவார்கள். கால் மணி நேரம் ஒரு கூட்டம் ஓட்டும், பிறகு அடுத்த கூட்டம். பார்க்க வந்தவர்கள் இருபது பேர் இருந்தால் அதிகம். ஓட்டுகிறவர்களின் நண்பர்கள், போனில் படம் எடுக்க வந்தவர்கள். சிமெண்டுப் படிகளில் எங்கள் இருவரைத் தவிர வேட்டி கட்டியவர் யாரும் இல்லை. தகரக் கூரையின் நிழல் விழுகிற மேல்படியில் உட்கார்ந்தோம். வெகுநேரம் பார்த்துவிட்டு, "மொதலாளி, இதுல யாரு ஜெயிக்கிறாங்க?" என்று கேட்டேன்.

"யாரும் ஜெயிக்கறதில்லப்பா. சுத்தறாங்க, அவ்ளோதான்."

"அதுக்கு எதுக்கு இவ்ளோ ஜல்தி?"

அவர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது ரொம்பக் குறைவு. பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பிடி கழிவுப் பட்டு எடுத்தார். நூல் சுற்றும்போது அறுந்து மிஞ்சுவதுதான் அது. கிள்ளி உருட்டி இரண்டு காதிலும் வைத்துக்கொண்டு, எனக்கும் இரண்டு உருட்டித் தந்தார். பஞ்சு வைத்தால் காது மந்தமாகிவிடும், பட்டு வைத்தால் சத்தம் வடிகட்டிக்கொண்டு வரும் என்றார். ஒரு கூட்டம் முடிந்ததும் தடத்து ஓரத்தில் ஒருவர் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடியை ஆட்டினார். முதலாளி கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "கட்டம் ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசா கீது பாரு. நம்ம சேவூர்ல கொடுத்திருந்தா ஒழுங்கா நெய்து தந்திருப்பான்" என்றார்.

மாதத்துக்கு ஒரு ஞாயிறு இப்படிப் போய்க்கொண்டிருந்தோம். மூன்றாவது தடவையில்தான் ஒன்றைக் கவனித்தேன். மத்தியானக் கூட்டத்தில் எலுமிச்சை மஞ்சள் ஹெல்மெட் போட்டவர் ஓட்டிய ஒரு வண்டி. அது கடைசி வளைவைத் தாண்டி எங்கள் பக்கம் திரும்பும்போது முதலாளி வலது காதுப் பட்டை எடுத்துக் கைக்குள் மூடிக்கொள்வார். வண்டி எங்களைக் கடந்து சத்தம் தேய்ந்ததும் மறுபடி வைத்துக்கொள்வார். ஒவ்வொரு சுற்றுக்கும் அப்படியே. வேறு எந்த வண்டிக்கும் எடுக்கவில்லை. அந்தக் கூட்டம் முடிந்து எதிர்ப்பக்கம் வண்டிகளை நிறுத்துகிற கொட்டகையில் அந்த மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். உள்ளிருந்து ஒரு சடை விழுந்தது.

நம்ம பாப்பா. முதலாளியின் ஒரே பெண்.

பள்ளிக்கூடத்துக்கு அவளை வண்டியில் விட்டு வந்தவன் நான். படித்து முடித்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு வண்டிக் கம்பெனியில் வேலை கிடைத்த சமயம், பெண் பார்க்க வந்தார்கள். தாம்பாளம், பூ, பழம் எல்லாம் கூடத்தில் வைத்தாயிற்று. அத்தனை பேருக்கு முன்னால், "எனக்கு இப்ப கல்யாணம் வேணாம்ப்பா" என்றாள். வந்தவர்கள் எழுந்து போனார்கள். முதலாளி அவளைத் திட்டவில்லை. "நீ வேலைக்குப் போறதுன்னா போ. போனா போனதுதான்" என்று மட்டும் சொன்னார். அவள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போனாள். வண்டிச் சாவி என் கையில்தான் இருந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன். அதற்குப் பிறகு மூன்று வருஷம், அப்பாவும் பெண்ணும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் அந்தத் தடத்தில் வண்டி ஓட்டுவதைக் காஞ்சிபுரத்து நூல் வியாபாரி ஒருவர் போனில் காட்டி, "உங்க பொண்ணு மாதிரி கீதே" என்றாராம். "இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தவர்தான், அடுத்த சனிக்கிழமை என்னிடம் ஜரிகை வாங்கணும் என்றார்.

அன்றைக்குப் படியில், "மொதலாளி..." என்று ஆரம்பித்தேன். அவர் தடத்தைப் பார்த்தபடியே, "ஜரிகைக் கடை மூடிடுவான். கெளம்பு" என்றார். வீட்டில் சொன்னது பொய்யாகக் கூடாது என்று திரும்பும்போது ஒவ்வொரு தடவையும் நிஜமாகவே ஜரிகை வாங்குவார். பீரோ நிரம்பி, பெட்டிகள் தரைக்கு வந்தன. "மொதலாளி ஆரணிக்கே ஜரிகையில பந்தல் போடப்போறாரு" என்று கடைக் கணக்குப்பிள்ளை கிண்டல் செய்வார். அம்மா, அதாவது முதலாளி வீட்டம்மா, என்னைக் கூப்பிட்டு, "ஏம்பா, கூடவே போறியே, இவ்ளோ எதுக்குன்னு நீயாவது சொல்லக்கூடாதா?" என்பார். நான் தரையைப் பார்ப்பேன்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் ஒரு காரியம் செய்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து முதலாளி தூணில் சாய்ந்து கண் அசந்திருந்தார். தண்ணீர் வாங்குகிற சாக்கில் சுற்றிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். பாப்பா வண்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணா! நீங்க எங்க இங்க?"

மோவாயால் மேல்படியைக் காட்டினேன். பார்த்தாள். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பழம் கையிலேயே இருந்தது.

"வா பாப்பா. வந்து ஒரு வார்த்த பேசிடு. நடுவுல எனக்கு பேஜாரா கீது."

"வேணாண்ணா. எனக்குத் தெரிஞ்சிபோச்சின்னு தெரிஞ்சா அவரு வரமாட்டாரு. வந்து பாத்துகினு போவட்டும். நீங்க எதுவும் சொல்லாதீங்க." சரி என்றேன். "சாப்ட்டாரா?" என்றாள்.

"எலுமிச்சஞ்சாதம்."

"சுகர் மாத்திர?"

"போட்டுக்கினாரு."

அன்று சாயங்காலம் கட்டக் கொடி ஆட்டிய பிறகு, வண்டி சூடு ஆறுவதற்காக எல்லோரும் ஒரு சுற்று மெதுவாக வருவார்களே, அந்தச் சுற்றில், எங்கள் படிகளுக்கு நேராக வரும்போது பாப்பா ஹெல்மெட் கண்ணாடியை மேலே தூக்கினாள். எங்கள் பக்கம் திரும்பவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டே போனாள். ஆனால் நெற்றி, கண், மூக்கு எல்லாம் தெரிந்தது. முதலாளி பாதி எழுந்துவிட்டார். பிறகு உட்கார்ந்து, நான் கேட்காமலே, "உள்ள வேக்காடா இருக்கும்ல" என்றார். "ஆமா மொதலாளி, வெயிலு" என்றேன். அதிலிருந்து ஒவ்வொரு தடவையும் அவள் அந்த இடத்தில் கண்ணாடியைத் தூக்குவாள். அவர் வெயிலைத் திட்டுவார். நான் ஆமாம் போடுவேன்.

நாங்கள் இரண்டு பேரும் கடைசியாகப் போன ஞாயிறு வெயிலே இல்லை. காலையிலிருந்து மேகம், சிலுசிலுவென்று காற்று, சாயங்காலம் லேசாகத் தூறல். அந்தத் தூறலிலும் பாப்பா கண்ணாடியைத் தூக்கினாள். முதலாளி வண்டி போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை மூடியபடியே இருந்தது. காஞ்சிபுரத்தில் ஜரிகைக் கடைத் தெருவுக்குத் திருப்பப் போனேன். "வேணாம்பா, ஜரிகை எவ்ளோவோ கெடக்குது" என்றார். செய்யாற்றில் ஒரு டீக்கடையில் நிறுத்தி, வண்டிக்குள்ளேயே டீ குடித்தோம்.

"இன்னைக்கி வெயிலே இல்லையேப்பா."

எனக்கு டீ வாயிலேயே நின்றது.

"அப்புறம் ஏன் கண்ணாடியத் தூக்குச்சி?"

"உங்களுக்காகத்தான் மொதலாளி" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். இரண்டே வார்த்தை. சொல்லியிருந்தால் வண்டியை அங்கேயே திருப்பியிருப்போம். அன்று ராத்திரியே பாப்பாவிடம் போய்ச் சேர்ந்திருப்போம். பாப்பாவுக்குக் கொடுத்த வாக்கு என்று வாயை மூடிக்கொண்டேன். அவரும் வற்புறுத்தவில்லை. டீயைக் குடித்து முடித்து, டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அடுத்த வாட்டி கீழ்ப்படியில உக்காருவோம்."

கீழ்ப்படிக்கு நிழல் கிடையாது. கம்பி வேலியை ஒட்டினாற்போல இருக்கும். அங்கே உட்கார்ந்தால் ஓட்டுகிறவர்களுக்கு முகம் நன்றாகத் தெரியும். ஆரணி வந்து சேரும்வரை எனக்கு ஸ்டியரிங் பஞ்சு மாதிரி இருந்தது.

அடுத்த வாட்டி வரவில்லை. பத்து நாள் கழித்துக் கடையில் ஒரு சேலையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். வேலூர் ஆஸ்பத்திரியில் மூன்று நாள். பாப்பா ஓடி வந்தாள். அவருக்கு நினைவு திரும்பவில்லை. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா அவளைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கதவோரம் நின்றிருந்தேன், அந்த நாள் வண்டிச் சாவியோடு நின்றது போலவே. பிறகு வண்டியைக் கழுவும்போதுதான், அவர் உட்காரும் சீட்டுப் பக்கம் இந்த டப்பி கிடைத்தது. அம்மா அந்த வண்டியை எனக்கே கொடுத்துவிட்டார். ஜரிகைப் பெட்டிகளை மட்டும் யாருக்கும் விற்கவில்லை.

பாப்பாவிடம் டீக்கடையில் நடந்ததைச் சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. மறுபடி தடத்துக்குப் போய், கொட்டகையில் நின்று சொன்னேன். திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் எதிரே இருந்த காலிப் படிகளையே வெகுநேரம் பார்த்தாள்.

"எந்தப் படிண்ணா?"

காட்டினேன். தலையை ஆட்டிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

போன ஞாயிறு காஞ்சிபுரத்துக்குச் சவாரி என்று உங்களிடம் சொல்லிவிட்டுப் போனேனே, அங்கேதான் போனேன். இனி அப்படிப் பொய் சொல்லமாட்டேன். அடுத்த தடவை நீங்களும் வரலாம். அன்றைக்கும் செக்யூரிட்டி யாரைப் பார்க்கணும் என்று கேட்டார். சும்மா என்றேன். கீழ்ப்படியில் உட்கார்ந்தேன். சிமெண்டு வேட்டியைத் தாண்டிச் சுட்டது. டப்பியைத் திறந்து இரண்டு காதிலும் பட்டை வைத்துக்கொண்டேன். கட்டக் கொடி ஆட்டினார்கள். கடைசி வளைவில் மஞ்சளாக ஒன்று தெரிந்தது, மெதுவாகத்தான் வந்தது. கண்ணாடியைத் தூக்க அவள் கை மேலே போனது. நான் வலது காதில் இருந்ததை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டேன்.