கறை இரண்டான மதியம்

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் சம்பளம் போடுகிறவர்கள் மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் அவள் பேயோட்டி. கம்ப்யூட்டர் திரைகளில் படிந்துபோய் நகரமாட்டேன் என்று நிற்கும் பேய்ப் படங்களை விரட்டுவது அவள் வேலை என்பதால் மருந்து கவுன்டர் பெண்கள் வைத்த பெயர் அது. ஆரம்பத்தில் முகத்தைச் சுளித்தாள். பிறகு அவளே போனை எடுத்து, "பேயோட்டி பேசறேன், எந்த மாடி?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

இந்தப் பேய் யாரையும் பிடிக்காது, கண்ணைத்தான் உறுத்தும். ஒரே படத்தை அசையாமல் காட்டிக்கொண்டே இருந்தால் திரை அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பதிவு கவுன்டர் திரையில் எதைத் திறந்தாலும் பின்னால் பெயர், வயது, முகவரி என்ற கட்டங்கள் மங்கலாக எட்டிப் பார்க்கும். தலைமை டாக்டரின் திரையில் நோயாளிகளின் ஈரலுக்கும் நுரையீரலுக்கும் பின்னாலிருந்து அவருடைய சின்ன மகள் பல்லில்லாமல் சிரித்துக்கொண்டிருப்பாள். பேயோட்டி வந்து, வெறும் வெள்ளைப் படத்தை ஓடவிட்டு, பிறகு திரையை அணைத்து ஓய்வு கொடுப்பாள். புதுப் பேய் இறங்கிவிடும். பழைய பெட்டித் திரைகளில் வருஷக்கணக்காகக் குடியிருக்கும் பேய் இறங்காது. அதற்குத் திரையைத்தான் மாற்ற வேண்டும்.

இத்தனை வருஷம் பார்த்தும் அவளுக்கு அந்த ஆச்சரியம் அடங்கவில்லை. தொட்டால் சூடுகூட இல்லாத வெளிச்சம், அது கண்ணாடிக்குப் பின்னால் போய்த் தடம் பதிக்கிறதே என்று ஒவ்வொரு தடவையும் மலைத்துப் போவாள். வீட்டில் அதனால் பெரிய தொந்தரவு. டிவியைப் பாதியில் நிறுத்தி வைத்துவிட்டு யாரும் எழுந்து போய்விடக் கூடாது, பதறிக்கொண்டு வந்து அணைத்துவிடுவாள். "கல்யாணம் ஆன நாளா நானும் இதே சோபாவுலதான் உட்கார்ந்திருக்கேன். என்னையும் அப்பப்ப அணைச்சு வை, பதிஞ்சிடப் போறேன்" என்பார் அவள் வீட்டுக்காரர்.

அவருடைய தங்கை, பேயோட்டிக்கு நாத்தனார், மாடியறையில் இருந்தாள். புருஷன் விட்டுப் போனபின் அண்ணன் வீட்டுக்கு வந்தவள். ஒரு வாய் சாப்பிடும்போதுகூட யாரோ பார்க்கிறார்களோ என்று தட்டைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொள்வாள். அந்த இழுப்பைப் பார்க்கப் பொறுக்காமல்தான் பேயோட்டி நாலு பேர் காலைப் பிடித்து ஆஸ்பத்திரிக் கண்காணிப்பு அறையில் அவளுக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுத்தாள். கேமராக்கள் அனுப்பும் படங்களை உட்கார்ந்து பார்க்க வேண்டும், தப்பாக ஏதாவது தெரிந்தால் காவலாளிக்குச் சொல்ல வேண்டும். முதல் சம்பளத்தில் அவள் வீட்டுக்கு எதுவும் வாங்கவில்லை. மாடியறைக்கு ஒரு பூட்டு வாங்கினாள். பேயோட்டிக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம்.

அந்த வேலைக்குத்தான் ஆபத்து வந்தது.

கண்காணிப்பு அறையின் மூலையில் ஒரு பழைய பெட்டித் திரை இருந்தது. பழைய கட்டடத்தில், நெடுநாள் நோயாளிகள் வார்டுக்கு வெளியே உள்ள நடைவழியை மட்டும் காட்டுவது. அங்கே ஒரு பெஞ்சு. பார்வையாளர் நேரம் முடிந்து, நடை விளக்குகளைப் பாதியாகக் குறைத்த பிறகும் அந்தப் பெஞ்சில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதாக நாத்தனார் காவலாளியிடம் சொன்னாள். அவன் மூச்சு வாங்க மாடியேறிப் போய்ப் பார்த்தான். பெஞ்சு காலி. மறுநாளும் சொன்னாள், மறுநாளும் காலி. அதற்கு மறுநாள் அவன் பெஞ்சில் தானே உட்கார்ந்து காட்டி, "இப்ப எத்தனை பேர் தெரியுது?" என்று போனில் கேட்டான். விஷயம் காவலாளிகளின் மேலதிகாரியிடம் போயிற்று. மீசைக்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். இல்லாத ஆளைப் பார்க்கிற கண்ணை வைத்துக்கொண்டு இந்த நாற்காலியில் உட்கார முடியாது, இன்னொரு தடவை பொய்த் தகவல் வந்தால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்.

நாத்தனார் அன்று சாப்பிட உட்கார்ந்தபோது தட்டு மறுபடியும் அவள் பக்கம் நகர்ந்தது. பேயோட்டி அதைப் பார்த்தாள். தனக்குத் தெரிந்த வேலையிலேயே இப்படி ஒரு அநியாயமா என்று அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் மாலை, விளக்குகள் குறைந்த பிறகு, மீசைக்காரரையும் காவலாளியையும் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு அந்தப் பெட்டித் திரையின் பின்னாலிருந்து கேமரா வயரை உருவினாள். படம் போய்த் திரை வெறும் சாம்பல் வெளிச்சமானது. ஆள் போகவில்லை. பெஞ்சும் தூணும் கோடுகளாகத் தெரிய, நடுவில் ஒருவர் முதுகை நிமிர்த்தி, கைகளை மடியில் வைத்து, கருப்பாக உட்கார்ந்திருந்தார். காவலாளி இரண்டடி பின்னால் போய் நின்றான்.

அது பெட்டிக்குள் எரிந்துபோன கறை என்று பேயோட்டி விளக்கினாள். வெள்ளையாக இருப்பதுதான் திரையை அதிகம் தேய்க்கும், தேய்ந்த இடம் கருப்பாகும். யாரோ ஒருவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அந்தப் பெஞ்சில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார். ஒரு சுவரோ தூணோ பதியும், அது தன் பாட்டுக்கு நிற்கிறது. எழுந்து போகக் கால் இருக்கும் மனிதன், இருமுவான், திரும்புவான், கொட்டாவி விடுவான். அவன் பதியவேண்டுமென்றால் எப்படி உட்கார்ந்திருக்க வேண்டும்! சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு நடுவில் குரல் தாழ்ந்துவிட்டது. யாராக இருந்தாலும் அந்தக் காலத்து ஆள், போய்ச் சேர்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

மீசைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, புதுத் திரைக்கு எழுதிப் போடுவதாகச் சொன்னார். வரும்வரை அந்தக் கறையை யாரும் பொருட்படுத்த வேண்டாம், அதைப் பற்றி இனி ஒரு போனும் வரக்கூடாது என்றும் சொன்னார். நாத்தனார் சரி என்று தலையாட்டினாள்.

அதிலிருந்து அந்த அறையில் யாரும் பெஞ்சைப் பார்க்கவில்லை. பார்த்தாலும் கறையைத்தான் பார்த்தார்கள். பகலில் அது கொஞ்சம் வெளுத்தும் மாலையில் கருத்தும் தெரிவதை நாத்தனார் கவனித்தாள். வெளிச்சம் மாறுவதால் இருக்கும் என்று பேயோட்டி சொல்லிவிட்டாள். எல்லாம் தெரிந்தவள் சொன்ன பிறகு அதற்கு மேல் யார் யோசிக்கப் போகிறார்கள்?

ஒரு மதியம், பேயோட்டி பதிவு கவுன்டரில் மேஜைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. நாத்தனார்.

"அண்ணி, திட்டாதீங்க. அந்தக் கறை ரெண்டாப் பிரிஞ்சிருக்கு."

கறை எப்படிப் பிரியும் என்று கேட்டாள் பேயோட்டி. கருப்பு இருந்த இடத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது, அதன் பக்கத்தில் வெள்ளையாக ஒன்று பெஞ்சில் சரிந்து கிடக்கிறது என்றாள் நாத்தனார். காவலாளியைக் கூப்பிடப் போனை எடுத்து எடுத்து வைக்கிறாளாம். இந்த முறையும் பெஞ்சு காலியாக இருந்தால் அவள் பிழைப்பு அன்றோடு போச்சு.

மேஜைக்கு அடியிலேயே பேயோட்டிக்குப் புரிந்தது. பகலில் வெளுப்பது, மாலையில் கருப்பது. வெளிச்சம் இல்லை அது. பகலெல்லாம் ஒரு வெள்ளைச் சட்டை அந்தக் கறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறது, அச்சு மாறாமல். மாலையில் சட்டை வீட்டுக்குப் போகிறது, கறை மட்டும் நிற்கிறது. பேய் இருப்பதை நிரூபித்த அவசரத்தில், அங்கே ஆளும் இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"கறை சாயாதுடி. அது ஆளு. போ, நானும் வர்றேன்" என்றாள்.

நாத்தனார் காவலாளியைக் கூப்பிடவில்லை. கண்காணிப்பு அறையை விட்டு நகர்ந்தாலே வேலை போய்விடும் என்பது முதல் நாளே சொல்லிக் கொடுத்த விதி. நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள். பேயோட்டி மேல் மூச்சு கீழ் மூச்சு வாங்க அங்கே போய்ச் சேர்ந்தபோது, நாத்தனார் தரையில் உட்கார்ந்து ஒரு பெரியவரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வார்டுக் கதவைக் காலால் உதைத்துக்கொண்டிருந்தாள். நர்சுகள் ஓடி வந்தார்கள். இதயம் நின்று நின்று துடித்திருக்கிறது, இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர்.

பெரியவர் கடிகாரம் பழுது பார்த்தவர். அசையாமல் உட்காருவது தொழிலில் வந்த பழக்கம். அவருடைய தம்பி அந்த வார்டில் நினைவில்லாமல் கிடக்கிறான், புது நர்சுகளுக்கு அவன் வந்த வருஷம்கூடத் தெரியாது. உள்ளே போய்ப் பார்க்கக் கொஞ்ச நேரம்தான் அனுமதி. மிச்ச நேரமெல்லாம் அண்ணன் வெளியே உட்கார்ந்திருப்பார், பார்வையாளர் நேரம் முடிந்ததும் எழுந்து போவார். நர்சுகளுக்கு அவர் தூண் மாதிரி பழகிவிட்டார். சரியும்போதும் சத்தமில்லாமல் சரிந்திருக்கிறார்.

மீசைக்காரர் கண்காணிப்பு அறைக்கு வந்து, தள்ளிக் கிடந்த நாற்காலியைத் தானே எடுத்து நிமிர்த்தி வைத்தார். நாத்தனார் சுவரோரமாக நின்றாள். "உட்காரும்மா. உன் இடம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவள் அதன்பிறகு ரொம்ப நேரம் அழுதாள், அழுதபடியே திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியவருக்கு உடம்பு தேறியதும் டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார். நன்றாகப் படுத்து ஓய்வெடுக்கச் சொன்னார். அவர் நேராகப் பெஞ்சுக்குப் போய்விட்டார். டாக்டர் திட்டினார், நர்சுகள் கெஞ்சினார்கள். தம்பி கண் திறக்கும்போது வெளியே யாரும் இல்லாமல் போய்விடக் கூடாது என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். இப்படியே உட்கார்ந்தால் தம்பிக்கு முன்னால் இவர் போய்விடுவார் என்று டாக்டர் கையை விரித்தார்.

நாத்தனார்தான் போய்க் கையைப் பிடித்து எழுப்பி, கண்காணிப்பு அறைக்கு அழைத்துவந்தாள். பேயோட்டி காத்திருந்தாள். "ஐயா, இதைப் பாருங்க" என்று மூலைத் திரையைக் காட்டி, வயரை உருவினாள்.

படம் போனது. அவர் இருந்தார்.

பெரியவர் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். நிமிர்ந்த முதுகு, மடியில் கைகள். தம் கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். இது யார் என்று கேட்கவில்லை. இது போகுமா என்று மட்டும் கேட்டார். போகாது, இந்தப் பெட்டி இருக்கும்வரை போகாது என்றாள் பேயோட்டி. புதுத் திரை வந்தால் வேறு சுவரில் மாட்டிக்கொள்ளலாம், இதை யாரையும் தொட விடமாட்டேன் என்றாள் நாத்தனார்.

பேயோட்டி வயரைத் திரும்பச் செருகினாள். நடை தெரிந்தது, வார்டுக் கதவு தெரிந்தது, ஆளில்லாத பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். பெரியவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் தோள்கள் மெல்ல இறங்கின.

"அப்போ நான் இன்னிக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கலாம்மா" என்றார்.