பள்ளிக்கூட வாசல் வரை எழுதியவர்

கருட சேவை அன்று விடியும்போதே என் வீட்டுக்காரர் தேரடி ஓரத்தில் பழைய போர்வையை விரித்துப் புத்தகங்களை அடுக்குவார். அந்தக் காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஒரு பக்கம் துப்பறியும் கதை; அட்டையில் கத்தி, கத்தியில் ரத்தம். இன்னொரு பக்கம் பல்லவ ராஜா கதை, அட்டையில் குதிரை. அந்தக் குதிரையைப் பார்த்தால் கொஞ்சம் கழுதை மாதிரி இருக்கும். படம் போட்டவரும் இவரைப்போல நெசவுக்காரர்தான், சேலையில் அன்னமும் மயிலும் நன்றாகப் போடுவார், குதிரை அவருக்குப் பழக்கமில்லை. எல்லாம் இவரே எழுதி, இவரே அச்சடித்து, இவரே தலையில் சுமந்து வந்தவை.

ஆள் வரும்போதே எந்தக் கதை என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார். சிகரெட் பிடித்துக்கொண்டு வரும் வாலிபனுக்கு, "அண்ணாத்தே, பயங்கரமான கொலை. தனியா இருக்கசொல்லோ படிக்காத." விபூதி பூசிய பெரியவருக்கு, "ஐயா, நம்மூரு ராஜாதான், வாங்கிக்கோங்க." பெண்கள் வந்து, "குடும்பக் கதை இல்லியாப்பா?" என்று கேட்டால் மட்டும் குரல் இறங்கிவிடும். "வருதும்மா. அடுத்த வருசம் வந்துரும்." வருஷா வருஷம் இதே பதில்தான்.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல, மகன் வழிப் பேத்தி எழுதுகிறாள். "ஆயா, எங்கெங்கயோ போற" என்று இப்போதே அதட்டுகிறாள். எங்கே போனாலும் திரும்பி வந்துவிடுவேன், எழுதுடி.

அறுபதுகளின் கடைசி அது. அவர் தறியில் கூலிக்கு நெய்தார். மதியம் சாப்பிட்டதும் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு, அச்சாபீசில் கழித்துப் போட்ட நோட்டீஸ்களின் பின்பக்கத்தில் எழுதுவார். இன்று கொலை, நாளை ராஜா. எழுதியதை, நான் பட்டு இழைக்கும்போது உரக்க வாசிப்பார். எத்தனை சந்தோஷம் அது! உலகத்திலேயே முதலில் கேட்பவள் நான்தானே.

"அந்த டாக்டரு மேலதான் எனக்கு சந்தேகம்" என்பேன்.

"சொல்லமாட்டேன் போமே."

"சொல்லாட்டி கொழம்புல உப்பு போடமாட்டேன்."

"போடாத. நேத்து மட்டும் போட்டியா இன்னா?"

சிரித்துச் சிரித்து நூல் அறுந்து போகும்.

அந்தக் குடும்பக் கதை எங்கள் பாப்பாவுடையது. பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டிய வருஷம், அடைமழைக் காலத்தில், அம்மை போட்டு அவள் போய்விட்டாள். அந்தப் பள்ளிக்கூட ஆசையே பெரிய ஆசையாக இருந்தது அவளுக்கு. அவள் போன பிறகு, துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் கலைந்த பிறகு, என்னிடம் சொன்னார்: "இவள நான் கதையில வளக்கப்போறேன் மே. படிக்க வெச்சு, பெரியவளாக்கி, வேலைக்கு அனுப்பி... அதுல அவ சாவமாட்டா." அன்றிலிருந்து நான் அந்தக் கதைக்காகத்தான் காத்திருந்தேன். ராஜாவும் கொலைகாரனும் எனக்கு வழியில் வந்தவர்கள்.

ஆனால் அவர் அதைத் தொடவே இல்லை. இந்தத் துப்பறியும் கதை முடியட்டும் என்பார். முடிந்ததும், ராஜா பாதியில் நிற்கிறாரே என்பார். ஒரு நாள் கோபத்தில் கேட்டேவிட்டேன், "ஊரான் வூட்டுப் பொணத்தல்லாம் எழுதுறியே, நம்ம கொழந்த உயிரோட வரத எழுத வரலியா?" கையிலிருந்த தாளை மடித்து வைத்தார் அவர். பிறகு மெதுவாக, "வேத்து ஆள சாவடிக்கிறது ஈசியா இருக்குது மே. இவ பேர எழுதினா கை நின்னுபூடுது" என்றார். அதற்கப்புறம் நான் கேட்கவில்லை.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. தறியில் நீளவாக்கில் கட்டிய ஒரு பாவு முடிந்தால் கடைசி நூலை வெட்டி எறியமாட்டார்கள். பழைய இழைகள் தறியிலேயே நிற்கும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு புதுப் பாவு நூலை அதோடு ஒவ்வொரு இழையாக முறுக்கிப் பிணைப்போம். தறி வெறுமையாக நிற்கக்கூடாது. இவர் கதைக்கும் அப்படியே செய்தார். ஒரு கதை முடிந்த தாளிலேயே, அடியில் அடுத்த கதையின் நாலு வரியை எழுதிவிட்டுத்தான் எழுந்திருப்பார். ஒரு முறை, அச்சுக் கோர்த்தவன் அதையும் சேர்த்துக் கோர்த்துவிட்டான். துப்பறிகிறவர் கொலைகாரனுக்கு விலங்கு மாட்டுகிறார். உடனே ஒரு மகாராணி உப்பரிகையில் வந்து நின்று பெருமூச்சு விடுகிறாள். புத்தகமே முடிந்துவிட்டது! வாலாஜாபாத்திலிருந்து ஒருத்தர் பஸ் பிடித்து வந்து சண்டை போட்டார். "யாருய்யா அந்த ராணி? அவளுக்கும் கொலைக்கும் இன்னா சம்மந்தம்?" ஊரே சிரித்தது. பாவம், இவருக்குத்தான் முகம் தொங்கிவிட்டது.

எழுபதுகளில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டி இருமல் பிடித்தது. தறியில் உட்கார முடியவில்லை. ராஜா கதையின் கடைசிப் பாகத்தைப் படுத்துக்கொண்டே எழுதினார். வாசிக்க மூச்சு இல்லாததால் முடிவு எனக்குத் தெரியாது. அச்சாபீசுக்குத் தாள்கள் போன அதே வாரத்தில் அவரும் போய்விட்டார். ஓரிக்கை பக்கம் பாலாற்றங்கரையில் சாம்பலைக் கரைத்தோம்.

காரியம் முடிந்ததும் அச்சாபீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். கையில் கடைசித் தாள்.

"கத முடிஞ்சி, கீழ வேற ஏதோ கொஞ்சம் எழுதிக்கிறாரும்மா. வழக்கம்போல. எடுத்துரட்டா?"

"இன்னா எழுதிக்கிறாரு? படிங்கண்ணா."

அவர் படித்தார். பாப்பாவின் பெயர் வந்தது. புதுப் பாவாடை கட்டிக்கொண்டு அவள் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே போகிறாள். வாசலில் வந்ததும் அம்மாவின் கையை விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடுகிறாள். அவ்வளவுதான். அதற்குமேல் தாள் வெறுமையாக இருந்தது.

நான் அழுதேனா என்று தெரியவில்லை. "அதையும் சேத்துப் போடுங்க" என்றேன்.

"ராஜா கதைல இது எப்பிடிம்மா ஒட்டும்? போன தபா மாதிரி ஜனங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்ணா. அவ உள்ள போயிட்டா. நான் எப்பிடி வெளிய இஸ்துக்கினு வரது?"

அவர் போட்டார். அந்த வருஷம் தேரடியில் நானே போர்வை விரித்து உட்கார்ந்தேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை, ஒருத்தரும் கேட்கவுமில்லை. கடைசிப் பக்கம்வரை யார் படித்தார்களோ.

அதற்குமேல் நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். எழுதத் தெரியாதே தவிர, கதை கட்டத் தெரியாதா? பட்டு இழைக்கும்போது, கீரை ஆயும்போது, மனசுக்குள் நடத்துவேன். மெதுவாகத்தான். வகுப்புக்கு வகுப்பு தேறினாள், கணக்கில் மட்டும் ஒரு முறை தோற்றாள், வாலாஜாபாத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. காலை ரயிலுக்கு நான்தான் சோறு கட்டித் தருகிறேன். இப்போது கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறேன். தென்னேரியிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் நல்லவன்தான், ஆனால் அவன் அம்மா வாய் சரியில்லை, வேண்டாமென்று சொல்லிவிட்டேன். பேத்தி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறாள். எழுதுடி. என் கதையில் வெயில் வருகிறது, பனி வருகிறது, திருவிழா வருகிறது. மழைக்காலத்தை மட்டும் நான் வரவிடுவதில்லை.