முப்பது பேருக்கும் நூற்றிருபது எண்பது

காலேஜில் சேர்ந்துவிட்டேன் என்று சொன்னபோது எங்கள் வரிசையே சிரித்தது. பெங்களூர் ஈஜிபுராவில் ஏழு வீடுகள் கொண்ட வரிசை அது. எனக்கு வயது இருபத்தெட்டு. மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தாள். கார்மெண்ட்ஸில் ஐந்து வருஷம் காலர் தைத்துவிட்டு, ஒரு நாள் சூப்பர்வைசரிடம் வாய் கொடுத்து வேலையிலிருந்து நின்றுவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம்தான், அதை மறைத்துப் பிரயோஜனமில்லை.

காலேஜ் என்றால் பெரிய கட்டடம் இல்லை. லிங்கராஜபுரத்தில் ஒரு சர்ச் காம்பவுண்டுக்குள் மூன்று அறைகள். பத்தாவது பாஸ் செய்திருந்தால் போதும், ஒரு வருஷம் ஹெல்த் அசிஸ்டெண்ட் படிப்பு, முடித்தால் ஆஸ்பத்திரியில் வேலை. என் வீட்டுக்காரர் ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். "ஃபெயிலாகி வந்து மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு உக்காரக் கூடாது."

எங்களுக்குப் பாடம் நடத்திய நர்ஸ் என்னைவிட நாலு வயது சின்னவள். நாங்கள் எல்லோரும் அவளை சிஸ்டர் என்போம், அவள் எங்களை நீங்க வாங்க என்பாள். பிரஷர் பார்க்கச் சொல்லிக்கொடுத்த அன்று, இருபது பேரும் ஒருவர் கையில் ஒருவர் பட்டையைச் சுற்றிக்கொண்டு, ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். "சத்தம் எல்லாருக்கும் கேக்குதா?" என்றாள். "கேக்குது சிஸ்டர்" என்றது வகுப்பு. நானும் சொன்னேன். எனக்குக் கேட்டது என் மூச்சுச் சத்தமும் வெளியே போன பஸ்ஸின் ஹாரனும்தான். இருபது பேர் முன்னால் செவிடு என்று பெயர் வாங்க எனக்கு மனமில்லை.

அடுத்த வாரம் ஹோம்வொர்க். மிஷினை வீட்டுக்கு எடுத்துப் போய் முப்பது பேருக்குப் பிரஷர் பார்த்து, நோட்டில் எழுதி, அவர்களிடமே கையெழுத்து வாங்கிவர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஸ்டூல் போட்டேன். சிரித்த வரிசையே அன்று வரிசையில் நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. காதில் மட்டும் ஒன்றும் விழவில்லை. ஊசி இறங்குவதை உற்றுப் பார்த்தேன், தலையாட்டினேன், நூற்றிருபது எண்பது என்று எழுதினேன். எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வருமே என்று நடுநடுவே நூற்றுப் பதினெட்டு எழுபத்தெட்டும் போட்டேன்.

முதல் ஆளாக உட்கார்ந்தவர் எங்கள் வீட்டு ஓனரம்மா. கன்னடக்காரர், எங்களிடம் தமிழில்தான் பேசுவார், கோபம் வந்தால் முழுக்கக் கன்னடம்தான். பிரஷருக்கு இரண்டு வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறவர். நூற்றிருபது எண்பது என்றதும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. அன்று எனக்குக் குழாயில் இரண்டு குடம் தண்ணீர் கூடக் கிடைத்தது.

ஒரு வாரம் கழித்து, திங்கள்கிழமை சிஸ்டர் என் நோட்டைப் புரட்டினாள். "உங்க தெருவுல வீடு காலியிருந்தா சொல்லுங்க, நான் குடிவந்துர்றேன். ஒருத்தருக்கும் ஒண்ணுமே இல்லையே" என்றாள். அவள் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து என்னை மாட்டச் சொன்னாள். மாட்டினேன். பார்த்துவிட்டு, கழற்றி, முன்பின்னாகத் திருப்பி மாட்டிவிட்டாள். காதுக் குழாய்கள் மூக்குப் பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டுமாம். நான் இத்தனை நாளும் பின்னந்தலைப் பக்கமாக மாட்டியிருந்தேன். அவளே தன் கையை நீட்டினாள். ஊசி இறங்கியபோது டப், டப், டப் என்று கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"முப்பது பேரையும் திரும்பப் பாத்துட்டு வாங்க. இல்லன்னா பிராக்டிகலுக்கு உக்கார விடமாட்டேன். அவங்ககிட்ட மிஷின் ரிப்பேருன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் யோசித்து வைத்திருந்த பொய் அதுதான்.

சாயங்காலம் நேரே ஓனரம்மா வீட்டுக்குப் போனேன். சோற்றில் மாங்காய் ஊறுகாயைப் பிசைந்துகொண்டிருந்தார், பக்கத்தில் பொரித்த அப்பளம் நாலு.

"வா டாக்டரம்மா. நீ சொன்ன அன்னைக்கே மாத்திரைய நிறுத்திட்டேன். இனிமே மாத்திரை பேடா, வேணாம்" என்றார் சந்தோஷமாக.

எட்டு நாளாக மாத்திரை இல்லை. வீட்டைக் காலி செய்யச் சொன்னால் எங்கே போவது என்று மனதில் ஒரு நொடி ஓடியது. ஆனால் அந்த ஊறுகாயைப் பார்த்துக்கொண்டு மிஷின் ரிப்பேர் என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஆண்ட்டி, அன்னைக்கு எனக்கு ஒண்ணுமே கேக்கல. காதுல தப்பா மாட்டியிருந்தேன். கேக்கலன்னு சொல்ல வெக்கப்பட்டு நானா எழுதிட்டேன். மன்னிச்சிருங்க. கைய கழுவிட்டு வாங்க, இப்ப பாத்துரலாம்."

கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். கையை நீட்டினார். நூற்று எழுபத்தெட்டு, நூற்றுநாலு. இன்னொரு தரம் பார்த்தேன். அதேதான். சொன்னேன். கன்னடம் வந்தது. பாதிக்கு மேல் புரிந்தது, புரியாமலே இருந்திருக்கலாம். அது ஓய்ந்ததும், "எனக்குக் காமி, அப்பிடி என்ன கேக்குது" என்றார். குழாய்களை மூக்குப் பக்கமாகச் சாய்த்து அவர் காதில் மாட்டி, காற்றை அடித்து இறக்கினேன். கண்களை அகல விரித்துக்கொண்டு முழுதும் கேட்டார். கழற்றிக் கொடுத்துவிட்டு, அலமாரியில் துழாவி மாத்திரையை எடுத்து விழுங்கினார். மறுநாள் காலை அவரை டாக்டரிடம் அழைத்துப் போனேன், அவர் திட்டியதில் எனக்கும் பங்கு கிடைத்தது.

மற்ற இருபத்தொன்பது பேரையும் வீடு வீடாகத் தேடிப் படியேற அவரே என்னோடு வந்தார். ஒவ்வொரு கதவிலும், "போன வாரம் எழுதினது எல்லாம் சுள்ளு, பொய். கைய நீட்டு" என்பார். ஏழாவது கதவுக்குள் வெட்கம் விட்டுப்போய் நானும் சிரிக்க ஆரம்பித்துவிட்டேன்.

பிராக்டிகல் அன்று வெளியிலிருந்து வந்த ஒரு டாக்டரம்மா பரீட்சை வைத்தார். சர்ச் வாட்ச்மேன் கையை நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் காற்றை இறக்கிய அதே நேரம் பக்கத்து ஸ்கூலில் மணி அடித்து, பிள்ளைகள் கத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தார்கள். சத்தம் எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. "எவ்வளவு?" என்றார் டாக்டரம்மா. நூற்றிருபது எண்பது நாக்கு நுனிவரை வந்தது.

"கேக்கல மேடம். இன்னொரு வாட்டி பாக்கணும்" என்றேன். அவர் ஏதோ குறித்துக்கொண்டார். போச்சு, வீட்டுக்காரர் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்தபடியே மறுபடி பார்த்து, நூற்றுமுப்பத்தாறு எண்பத்தாறு என்று சொன்னேன்.

ரிசல்ட் வந்த அன்று நான் வீட்டுக்கு வந்தபோது ஓனரம்மா கேட் அருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பாஸா ஃபெயிலா என்று அவர் கேட்கவேயில்லை. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு கையை நீட்டினார். நான் பையிலிருந்து மிஷினையும் ஸ்டெதாஸ்கோப்பையும் எடுத்து, குழாய்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று பார்த்துவிட்டு மாட்டிக்கொண்டேன்.