சின்னம்மாவுக்கு நான் இங்கிலீஷ் படிப்பித்தது

எனக்கு ஒன்பது வயதானபோது, என்னைவிடப் பதினெட்டு வயது மூத்த ஒரு மாணவி எனக்குக் கிடைத்தார். அம்மாவின் தங்கை. கல்யாணம் முடிந்த மூன்றாம் கிழமையே சித்தப்பா லண்டனுக்குத் திரும்பிவிட்டார். சின்னம்மா அவரிடம் போவதென்றால் இங்கிலீஷில் பேசிக் காட்டும் ஒரு பரீட்சையில் பாஸாக வேண்டும். அதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு, வெள்ளவத்தையில் இருந்த எங்கள் ஃபிளாட்டுக்கு வந்து, என் அறையில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் மெத்தை போட்டுக்கொண்டார்.

காலையில் அவருக்கு வெளியே ஒரு வகுப்பு இருந்தது. பின்னேரத்துக்கு நான். இங்கிலீஷில் படிக்கிற பிள்ளை என்ற ஒரே தகுதியில் அம்மா என்னை நியமித்தார். நான் கோடு போடும் அடிமட்டத்தைப் பிரம்புபோல் பிடித்துக்கொண்டு பொறுப்பேற்றேன்.

சின்னம்மாவின் சந்தேகமெல்லாம் ஒன்றுபோல் இருக்கும் சொற்களைப் பற்றியதுதான். லுக், ஸீ, வாட்ச் மூன்றும் பார்ப்பதுதானே, பிறகு எதற்கு மூன்று?

"லுக் எண்டால் கிட்டப் பார்க்கிறது. ஸீ எண்டால் தூரத்தில பார்க்கிறது. வாட்ச் டிவிக்கு மட்டும்," என்றேன்.

சின்னம்மா அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார். தெரியாது என்று சொல்லும் பழக்கம் அந்த வயதில் என்னிடம் இல்லை.

ஒருநாள், அலுப்பைச் சொல்லும் போர்ட், போரிங் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். ஐ ஆம் ஈட்டிங் என்றால் இப்போது சாப்பிடுகிறேன் என்று எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டேன்.

"இப்ப அலுப்படிச்சால் ஐ ஆம் போரிங். நேற்று அலுப்படிச்சிருந்தால் போர்ட்."

"இப்பத்தான் வடிவா விளங்குது, டீச்சர்," என்றார் சின்னம்மா.

பாடம் முடிந்ததும் தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக்குப் போவோம். பாறையில் குந்தியிருந்து கச்சான் கடலை கொறிப்போம். அம்மாவும் அப்பாவும் வேலையால் வர ஆறு மணியாகும். அதுவரை தனியாகவே இருந்து பழகிய எனக்கு, அந்த நாலு மாதமும் ஒவ்வொரு பின்னேரமும் கொண்டாட்டம்தான்.

பரீட்சைக்கு முதல் நாள் பள்ளிக்கூடத்தில் மிஸ் எங்கள் கட்டுரைகளைத் திருத்திக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஐ ஆம் வெரி போரிங் என்று நான் எழுதியிருந்ததை உரத்து வாசித்தார். வகுப்பே சிரித்தது. அலுப்புப்படுகிறவர் போர்ட், மற்றவர்களை அலுப்படிக்கிறவர்தான் போரிங் என்று அவர் விளக்கியபோது என் காது சுட்டது.

அன்று பின்னேரம் சின்னம்மா கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒத்திகை பார்த்தார். "மை ஹஸ்பண்ட் இஸ் இன் லண்டன். ஐ ஆம் வெரி போரிங்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏதும் பிழை இருக்கா, டீச்சர்?"

வாயைத் திறந்தேன். "இல்லை, எல்லாம் சரி," என்றேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு, நேரே வராமல் தெருவைச் சுற்றிக்கொண்டு வந்தேன். கதவைத் திறந்தால் வீடு முழுக்கச் சிரிப்பு. லீவு போட்டிருந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பரீட்சை எடுத்த பெண்மணி, கணவர் இல்லாமல் பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டாராம். சின்னம்மா ஒன்றுக்கு இரண்டு வெரி போட்டு, தான் போரிங் என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்மணி பேனையை வைத்துவிட்டு, என்னால் அதை நம்ப முடியவில்லை என்று சிரித்து, பிழையை விளக்கியிருக்கிறார். இப்படித்தான் எனக்குப் படிப்பித்தது, என் டீச்சருக்கு ஒன்பது வயது என்று சின்னம்மா சொல்ல, மிச்ச நேரமெல்லாம் இருவரும் என்னைப் பற்றியே கதைத்தார்களாம். சின்னம்மா ஒரு வசனத்துக்கும் தடுமாறவில்லை.

"உன்ர பிழையாலதானடி நான் பாஸ்!" என்று என்னைக் கட்டிப்பிடித்தார்.

நான் அழத் தொடங்கினேன். "எனக்கு நேற்றே தெரியும், சின்னம்மா."

"தெரிஞ்சுமா சொல்லேல்லை? ஏன்?"

"வெக்கமா இருந்தது."

ஒன்பது வயது டீச்சருக்கு வெட்கம் வராதா என்று எல்லோரும் இன்னொரு முறை சிரித்தார்கள். அம்மா கேக் வெட்டினார். லண்டனுக்கு வீடியோ கோல் போனது. சித்தப்பாவும் சிரித்தார்.

வெட்கம்தான் காரணம் என்று நானும் நம்பினேன். அந்த முறை பாஸாகாமல் போயிருந்தால் சின்னம்மா இன்னும் கொஞ்ச மாதம் என் அறையிலேயே இருந்திருப்பார் என்பது எனக்கு உறைக்கப் பல வருடம் எடுத்தது.