வெட்டுக்கத்தியும் வாழைப்பழமும்

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரில் அம்மா இளநீர் விற்றாள். நான் இரண்டாம் வகுப்பு முடித்த கோடை அது. அம்மாவின் தம்பி, என் மாமா, வேலை தேடிய நேரம் போக மீதி நேரமெல்லாம் செல்போனில் வீடியோ பார்ப்பார். கத்தி தீட்டும் வீடியோ ஒன்று அவர் கண்ணில் பட்டதுதான் வினை.

அம்மாவின் வெட்டுக்கத்திக்கு வெட்டும் வாய் தடிமன். ஓங்கிப் போட்டால்தான் இறங்கும். ஆனால் ஒருமுறை தீட்டினால் மாதக்கணக்கில் தாங்கும். மாமாவுக்கு அது பொறுக்கவில்லை. கத்தியைக் கல்லின்மேல் ஏறக்குறையப் படுக்கவைத்தே தேய்த்து, பிளேடு மாதிரி மெல்லிசாக்கிவிட்டார். முன்கை மயிரைச் சிரைத்துக் காட்டி, "பாத்தியாக்கா, இனிமே உனுக்குக் கை வலியே கெடையாது" என்றார்.

காலையெல்லாம் வாழைத்தண்டை நறுக்குவதுபோல மட்டை சீவியது. அம்மாவுக்கு ஒரே குஷி. மத்தியானம் எனக்கென்று ஒரு காயை எடுத்தாள். கொஞ்சம் முற்றின காய், ஓடு கெட்டி. ஓங்கிப் போட்டுத் திறந்து கொடுத்தாள். நான் குடித்து முடித்தேன். கத்தியைத் துடைக்கப்போனவள் அப்படியே நின்றுவிட்டாள். எனக்கு வெட்டும்வரை முழுசாக இருந்த கத்தி வாயில் நகத்துண்டு அளவுக்கு இரும்பு பெயர்ந்துபோயிருந்தது. அது நான் குடித்த தண்ணீரோடு உள்ளே போயிருந்தால்?

"ஏன்டி, தொண்டைல எதுனா குத்துதா?"

இல்லை என்றேன். என் வாயைத் திறந்து விரலை விட்டுத் துழாவினாள். பிறகு பக்கத்துக் கடைக்கு ஓடி ஒரு சீப்பு பூவன் பழம் வாங்கிவந்தாள். மீன்முள் சிக்கினாலும் காசை விழுங்கினாலும் எங்கள் பக்கத்தில் வாழைப்பழம்தான் முதல் மருந்து. அது எனக்கு எங்கே தெரியும்? கேட்டாலும் வாங்கித் தராதவள் உரித்து உரித்து ஊட்டுகிறாள். மாமா முட்டிபோட்டு, வெட்டிப்போட்ட மட்டைகளைக் கிளறிக்கொண்டிருக்கிறார். எனக்குப் பொங்கல் வந்துவிட்டது போல இருந்தது.

"மெல்ல முழுங்குமா" என்ற அம்மா அடுத்த பழத்தை உரித்து என் கையில் திணித்தாள். மாமா பக்கம் திரும்பி, "இன்னும் இன்னாடா தேடிக்கினு கீற? ஆட்டோவக் கூப்புடு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று கத்தினாள்.

"யக்கா! இங்க கீது! ஓட்டுலயே மாட்டிக்கினு கீது!"

நான் குடித்த காயின் சீவின மூடியைத் தூக்கிக்கொண்டு மாமா ஓடிவந்தார். ஓட்டில் பதிந்து அந்தத் துண்டு மினுங்கியது. அம்மா அதைப் பிடுங்கிக் கத்தியின் வாயில் வைத்துப் பார்த்தாள். அச்சாகப் பொருந்தியது. அப்படியே தரையில் உட்கார்ந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. மாமாவை அடிக்க ஓங்கின கை அவர் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு இறங்கியது.

சாயங்காலமே மாமா கத்தியைக் கல்லில் நிமிர்த்திப் பிடித்துத் தேய்த்து, பழையபடி வாயைத் தடிமனாக்கிக் கொடுத்தார். மறுபடி ஓங்கிப் போடவேண்டியிருந்தது. அம்மா கை வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கோடை முழுக்க அது மழுங்கவுமில்லை.

எனக்குத்தான் கோபம் ஆறவில்லை. துண்டு கிடைத்ததும் என் கையிலிருந்த பாதிப் பழத்தைக்கூடப் பிடுங்கி, "போதும், வயிறு வலிக்கும்" என்று சீப்பை எடுத்து வைத்துவிட்டாளே! நாளைக்கும் கத்தி உடையவேண்டும் என்று பிள்ளையாரை வேண்டிக்கொண்டுதான் அன்று படுத்தேன்.