வெள்ளெலியின் முதுகில் கறுப்பு முடி

பாகீரதிக்கு என்ன வேலை என்று ஸ்ரீவராகத்தில் அக்கம்பக்கத்தார் யாராவது கேட்டால், அவள் அம்மா “ரிசர்ச்” என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாள். பெண் நாள் முழுக்க எலிகளோடு இருக்கிறாள் என்று சொல்ல அவளுக்கு வாய் வராது.

அவள் லேபில், கறுப்பு எலியின் தோலில் ஒரு சிறு துண்டை வெள்ளெலியின் முதுகில் ஒட்டுவார்கள். உடம்பு அதை அந்நியம் என்று கண்டுகொண்டு உதிர்த்துவிடும். அப்படி உதிராமலிருக்க, கறுப்பு எலியின் எலும்பு மஜ்ஜையை முன்கூட்டியே வெள்ளெலிக்குச் செலுத்தி, அதன் உடம்பைப் பழக்கப் பார்த்தாள் பாகீரதி. வருஷக்கணக்கில் தோல்விதான். ஆனாலும் விடவில்லை. தம்பி கிரிஷுக்கு அம்மாவின் சிறுநீரகத்தை வைத்திருந்தார்கள். அதையும் உடம்பு அந்நியம் என்று தள்ளிவிடாமலிருக்க அவன் தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும். மாத்திரையால் கை நடுங்கும். ஜலதோஷம் பிடித்தால் லேசில் விடாது.

போன மழைக்காலத்தில் ஒரு வெள்ளெலிக்கு ஒட்டிய தோல் உதிரவில்லை. அதில் கறுப்பு முடி முளைத்தது. “சேச்சீ, ஓடி வா!” என்று கூட வேலை பார்க்கும் ஷிபா, பாகீரதியை மலையாளத்தில் அக்கா என்று கூப்பிட்டுக் கத்தினாள்.

“மருந்தே இல்லாம ஒட்டின தோல் நிக்கறது!” என்று பாகீரதி வீட்டில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். கிரிஷ் கேட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த மாதம் அவனுக்குக் கால் வீங்கியது. ரத்தம் சோதித்த டாக்டர், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறானா என்று கேட்டார். அவன் அக்காவைப் பார்த்தான்.

“நிறுத்திட்டியாடா?”

“எலிக்கு வேண்டாம்னா எனக்கு எதுக்குன்னு நெனச்சேன்.”

“அதோட உடம்பை முதல்ல பழக்கினோம்டா. உன் உடம்பை யார் பழக்கினா?”

“அப்போ மனுஷாளுக்கு எப்போ வரும்?”

“தெரியாது. உன் காலத்துல வராமலும் போகலாம்.”

இதை அவள் அதுவரை அவனிடம் சொன்னதில்லை. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அம்மா அவனைத் திட்டவில்லை. “என்னண்டை இன்னொண்ணு இல்லேடா, குடுக்க,” என்றாள். அவ்வளவுதான்.

ஊசிமருந்து ஏற்றிச் சிறுநீரகத்தைக் காப்பாற்றினார்கள். ஆனால் பழைய பலம் அதற்குத் திரும்பவில்லை.

பாகீரதி வேலைக்குத் திரும்பினாள். அதே வெள்ளெலிக்கு வேறொரு இன எலியின் தோலையும் ஒட்டிப் பார்த்தார்கள். அது சில நாளில் உதிர்ந்தது. கறுப்புத் தோல் அசையவில்லை. எதிர்ப்புச் சக்தி சாகவில்லை, கறுப்பை மட்டும் தன்னுடையதாக ஏற்றிருந்தது. அவர்கள் தேடியது அதைத்தான். ஷிபா லட்டு வாங்கி வந்தாள். பாகீரதி பாதியைத் தின்றாள்.

கிரிஷ் இப்போது மறுபடி தம்பானூர் ஆபீசுக்குப் போகிறான். முன்பைவிடக் கூடுதலாக ஒரு மாத்திரை சாப்பிடுகிறான்.