வைஃபையில் தங்கைக்கு நான் கொடுத்த இடம்

எங்கள் வீட்டுக்குள் வெயில் நாலு மணிக்குத்தான் ஒழுங்காக வரும். அதுவரை முற்றத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வெளிச்சம், அப்போது சாய்ந்து தறி வரைக்கும் வந்து படுத்துக்கொள்ளும். நீளவாக்கில் கட்டிய பாவில் இருக்கும் பட்டின் நிறம் மேலே ஏறி ஓட்டுக்கு அடியில் மெல்ல அசையும். தறியை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நான் தூங்குவதாக என் மனைவி சொல்வாள். அதில் பாதி உண்மை.

ட்யூப்லைட்டில் காட்டினால் பட்டு பொய் சொல்லும், அரக்குச் சிவப்பு பழுப்பாகிவிடும். அதனால் வாங்குகிறவர்களுக்கு வீடியோ காலில் சேலை காட்டுவதென்றால் எனக்கு அந்த நாலு மணி வெளிச்சம்தான். என் தங்கைக்கும் அதேதான் வேண்டும். அவளுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது, வாய்ப்பேச்சும் வரவில்லை. காது கேளாதோர் பள்ளியில் படித்தவள், சைகை மொழியில் மளமளவென்று பேசுவாள். கைகள்மேல் வெளிச்சம் விழுந்தால்தானே எதிரில் இருப்பவருக்குப் பேச்சு தெரியும்? இதே நேரத்தில் என் மனைவி அறைக்குள் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு நடத்துவாள். வீட்டுக்கு இருப்பதோ ஒரே இணைப்பு. மிஸ் குரல் ரோபோ மாதிரி வருகிறது என்று பிள்ளைகள் சிரித்தார்கள். நான் விரித்துப் பிடித்த மாம்பழ மஞ்சள் சேலை திரையில் கட்டம் கட்டமாக உடைந்தது.

எதையாவது ஒழுங்குபடுத்தாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரவுட்டரின் செட்டிங்ஸைத் திறந்தேன். எந்தக் கருவிக்கு முதலில் வழிவிட வேண்டும் என்று வரிசை போட அதில் இடம் இருந்தது. தேடிப் படித்ததில் ஒரு விஷயம் மனதில் நன்றாக ஒட்டிக்கொண்டது. பேச்சு அரை நொடி தாமதித்தாலும் கெட்டுவிடும். படம் பார்ப்பவர் கொஞ்சம் காத்திருந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. ஆகவே பேசுகிறவர்களுக்கு முதல் இடம், பார்க்கிறவர்களுக்குக் கடைசி இடம். என் போனையும் மனைவியின் லேப்டாப்பையும் மேலே வைத்தேன். டிவியைக் கீழே தள்ளினேன். தங்கையின் போனை, யோசிக்கக்கூட இல்லை, டிவிக்கும் அடியில் போட்டேன். அவள்தான் பேசுவதில்லையே.

அதற்கு முந்தின நாள்தான் வேலூரிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கும் காது கேட்காது, அச்சகத்தில் வேலை. பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்திருந்த கூச்சத்தில் இருவரும் கைகளை மடியைவிட்டு எடுக்கவே இல்லை. ஒரு வாரம் வீடியோவில் பேசிப் பார்க்கட்டும், அதன்பிறகு இவள் சொல்வதுதான் முடிவு என்று இரண்டு வீட்டிலும் ஒப்புக்கொண்டோம். இதற்கு முன் வந்தவர்கள் எல்லாம் காது கேட்கிறவர்கள். அவளிடம் எதுவும் கேட்காமலே காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போனவர்கள். இதுவாவது அமைய வேண்டும் என்று உள்ளுக்குள் கிடந்து தவித்தேன்.

அந்த வாரம் எனக்குச் சுகமாகப் போனது. என் வீடியோ கால் ஒருமுறைகூடத் தடைப்படவில்லை. முற்றத்தின் மறுபக்கத்தில் தங்கை போனைத் தூணில் சாய்த்து வைத்துவிட்டு அதன் முன் உட்கார்ந்திருப்பாள். அவள் கைகள் வெயிலில் எழும், அந்தரத்தில் கொஞ்சம் நிற்கும், மெதுவாக இறங்கும். கோயில் கோபுரத்துப் புறாக்களின் நிழல் அவள்மேல் ஓடிப் போகும். சேலையை மடித்துக்கொண்டே நான் அதில் சொக்கிப்போவேன். என்ன நிதானமாகப் பேசிக்கொள்கிறார்கள் என்று மனம் குளிர்ந்தது.

ஏழாம் நாள் தறியருகே வந்து நின்று, வேண்டாம் என்று தலையாட்டினாள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஏன் என்று கேட்கக்கூட என்னிடம் சைகை இல்லை. அவளோடு சமையலறையில் நின்று நின்று கொஞ்சம் கற்றுக்கொண்டிருந்த மனைவிதான் கேட்டுச் சொன்னாள்.

"பேசிக்கினே இருக்கும்போது பாதியில நின்னுப்போயிடறாராம். இவ எதுனா கேட்டா பதிலே சொல்லாம முழிச்சிக்கினு இருக்கறாராம். மனசு இல்லாதவரு எனக்கு எதுக்குன்றா."

"நெட்டு மாட்டியிருக்கும், அதைச் சொல்லும்மா அவகிட்ட."

"சொன்னேங்க. அண்ணனுக்கு அதே வைஃபைல நல்லாத்தானே ஓடுது, அப்போ நெட்டு இல்ல, ஆளுதான் சரியில்லன்றா."

அப்போதுதான் நான் போட்ட வரிசை நினைவுக்கு வந்தது. ரவுட்டர் பக்கத்தைத் திறந்து இருவரிடமும் காட்டினேன்.

"இன்னாங்க இது, டிவிக்கும் கீழயா வச்சீங்க?"

"அவ பாத்துக்கினுதானே இருக்கறான்னு..."

"பாக்கறதுதாங்க அவளுக்குப் பேச்சு. கூடப் பொறந்தவருக்கு இது தெரியாதா?"

தெரிந்திருக்க வேண்டும். கரை ஒரு நிறமும் உடல் வேறு நிறமுமாகக் கோர்வைச் சேலை நெய்ய இரண்டு பேர் வேண்டும். பல வருஷமாக ஒரே தறியில் கரைப்பக்கம் அவள், நடுவில் நான். ஒரு சொல்லும் இல்லாமல் இழை சேரும். அவள் மனசு எனக்கு அத்துப்படி என்று தெருவெல்லாம் பெருமை அடித்திருக்கிறேன். கையால் நெய்கிறதை மட்டும்தான் பார்த்திருக்கிறேன், கையால் பேசுகிறதைப் பார்க்கவில்லை. தங்கை பட்டியலை மேலிருந்து கீழே படித்தாள். டிவியின்மேல் விரலை வைத்தாள், அப்புறம் தன் நெஞ்சைத் தொட்டாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கூசிக் குறுகிப்போனேன். சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு காதையும் பிடித்துக்கொண்டேன்.

அவள் போனை எல்லாவற்றுக்கும் மேலே ஏற்றி, என்னுடையதைக் கடைசியில் போட்டேன். வேலூருக்கு விஷயத்தை எழுதி, இன்னும் ஒரு நாள் கேட்டோம். மறுநாள் நாலு மணிக்கு அவர் திரையில் வந்தார். அம்மாடி, என்ன வேகம்! அவர் கைகள் சடசடவென்று மழையாகப் பெய்தன. இவள் கைகள் அதற்குள் புகுந்து மறித்தன, கேலி செய்தன. திடீரென்று வீட்டில் ஒரு சத்தம். தங்கை வாய்விட்டுச் சிரிக்கிறாள். என் போனில் சேலை வாங்க வந்த அம்மா, "ஹலோ, படம் நின்னுப்போச்சுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் சேலையை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கல்யாணம் முடிந்து அவள் இப்போது வேலூரில் இருக்கிறாள். கரைப்பக்கத்துக்கு வேறு ஆள் வருகிறார். முந்தாநாள் அவளே என்னைக் கூப்பிட்டாள். எப்படி இருக்கிறாய் என்று சைகையில் கேட்க மட்டும் மனைவியிடம் பழகி வைத்திருந்தேன், கேட்டேன். அவள் கண்ணை அகல விரித்தாள். பிறகு முகமெல்லாம் மலர்ந்து, நீளமாக, ஒன்றுவிடாமல் பதில் சொன்னாள். படம் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. எனக்குத்தான் அதில் ஒரு சொல்லும் புரியவில்லை.